அம்புலன்ஸ் பாலம் வரைக்கும்தான் வரும்

மாரி தொடங்குவதற்கு முன்னர் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று இருந்தேன். மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கத்தில் கரண்டும் இருக்காது, வாசிக்க மனமும் இருக்காது. 2024 நவம்பர் கடைசியில் உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்திவைத்த மழை பலருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மழைக்குள்தான் என் அம்மாவைக் கட்டு விரியன் பாம்பு கடித்தது. அம்மா தப்பிவிட்டார். இப்போது கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு, இடைக்கிடை என்னையும் ஏசிக்கொண்டு நடமாடுகிறார். அதனால் என்ன நடக்குமோ என்று பயந்து வாசிக்கத் தேவையில்லை. ஆனால் அந்த இரவிலும் பின்னர் வந்த கிழமைகளிலும் நான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த பல விஷயங்கள், ஊரில் யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் விளங்கியிருக்கக்கூடியவை. அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

எங்கள் ஊர் மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே விலகி இருக்கிறது. வீதியிலிருந்து கிறவல் பாதை, அதன் நடுவில் ஒரு சப்பாத்துப் பாலம். குளம் வான் பாய்ந்தால் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடும், நாங்கள் உள்ளுக்குள் மாட்டுப்படுவோம். ஒவ்வொரு மாரியிலும் நடப்பதுதான். அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய் என்று வாங்கி வைப்போம். அதற்கு எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை, இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் அந்தத் தண்ணீர் ஓடும் நேரத்தில் ஒருவருக்கு வருத்தம் வந்தால் எப்படி வெளியே கொண்டுபோவது என்று ஊரில் எந்தக் கூட்டத்திலும் பேசி நான் கேட்டதில்லை. என் கணவர் கட்டாரில். வீட்டில் நான், எட்டாம் வகுப்பு படிக்கும் மகன், நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் அம்மா. அவ்வளவுதான்.

அன்று அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. கட்டிலை இழுத்துப் போட அறையில் இடமில்லை. அம்மா பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் பக்கத்து அறையில் நிலத்தில் படுத்துவிட்டார். விடிய இரண்டு, மூன்று மணி இருக்கும், வயிறு பிடித்து இழுக்கிறது என்று எழுப்பினார். ஒருமுறை சத்தியும் எடுத்தார். பக்கத்து வீட்டு அன்ரி சத்தம் கேட்டுக் குடையோடு வந்தார். "வாயு பிள்ளை, மழைக்குள்ள இரவு கிழங்கு சாப்பிட்டவவெல்லே, ஓமத் தண்ணி அவிச்சுக் குடு" என்றார். யாரும் அப்படித்தான் சொல்வார்கள். காலில் கையில் ஒரு கடிகாயம் இல்லை, வீக்கம் இல்லை, எரிவு இல்லை. டோர்ச் அடித்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கதை மூக்கால் வருவதுபோல் மாறியது. கண் இமை இரண்டும் பாதியில் தொங்கின. "கண்ணைத் திறவுங்கோ அம்மா" என்றால் நெற்றியைச் சுருக்கிப் பார்க்கிறார், இமை எழும்பவில்லை. ஓமத் தண்ணியை வாயில் வைத்தபோது விழுங்க முடியாமல் கடைவாயால் வழிந்தது. அந்தக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் நான் போனை எடுத்தேன்.

பிறகு டொக்டர் விளக்கியதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுதான் இந்தக் கட்டுரையில் உயிரைக் காப்பாற்றக்கூடிய பகுதி. கட்டு விரியன் வரண்ட பிரதேசத்துப் பாம்பு. இரவில்தான் நடமாடும். நிலத்தில் படுத்திருப்பவர்களையே பெரும்பாலும் கடிக்கும். கடிபட்டவருக்குப் பல நேரம் தெரியவே தெரியாது. பல் மிகச் சிறியது, வலி இல்லை, வீக்கம் இல்லை. முதலில் வருவது வயிற்றுவலி. அதற்குப் பின் இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுவிடும் தசைகளும் நின்றுவிடும். ஆகவே இரவில் நிலத்தில் படுத்த ஒருவர் விடியப்புறம் வயிற்றுவலி என்று எழும்பினால், முக்கியமாக மழைக்காலத்தில், அவருடைய இமையைப் பாருங்கள். மேலே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மிடறு எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். இது இரண்டில் ஒன்று பிழையாக இருந்தால் வாயு, சமிபாடு என்ற கதையை விட்டுவிட்டுப் புறப்படுங்கள். புடையன் (கண்ணாடி விரியன் என்றும் சொல்வார்கள்) கடித்தால் காலே வீங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கட்டு விரியன் அப்படி இல்லை. இலங்கையில் ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும் 400க்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் நாடளாவிய ஆய்வு ஒன்று 2016இல் கணக்கிட்டது. அப்படியிருந்தும் எங்கள் ஊரில் டெங்குக்கு ஒட்டிய சுவரொட்டிகளைப் பார்த்திருக்கிறேன், விரியனுக்கு ஒன்றையும் பார்த்ததில்லை.

1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்தேன். 2016இல் இந்தியாவின் உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்தச் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில்தான் வடக்குக்கு வந்தது. காசு இல்லை, இரவு பகல் இல்லை, தமிழிலும் பேசுவார்கள். எனக்கு அந்த அழைப்பைப் பற்றிச் சொல்ல ஒரு குறையும் இல்லை. எடுத்த தம்பி பதற்றமில்லாமல் கேட்டார். சிக்கல் என் பக்கத்தில் இருந்தது, அதாவது எங்கள் முகவரியில். அழைப்பை எடுப்பவர் இருப்பது கொழும்பில். "குளத்தடி", "கடைசி வீட்டுத்திட்டம்", "பழைய சங்கக்கடைச் சந்தி" என்று நாங்கள் சொல்லும் அடையாளம் எதுவும் அவருக்கு உதவாது. வன்னியில் ஒரே பெயரில் எத்தனை ஊர்கள் என்று யோசித்துப் பாருங்கள். புதுக்குடியிருப்பு என்றால் முல்லைத்தீவிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. எங்கள் ஊர்ப் பெயரிலும் இன்னொரு மாவட்டத்தில் ஒரு ஊர் இருக்கிறதாம். அந்தத் தம்பி கேட்டுத்தான் எனக்கே தெரியும்.

அதனால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் மாவட்டம், பிரதேச செயலர் பிரிவு, கிராம சேவையாளர் பிரிவு, பிரதான வீதியின் பெயர், வீதியிலிருந்து திரும்பும் சந்தியில் உள்ள பாடசாலை அல்லது கோயில், பாலத்துக்கு எந்தப் பக்கம் வீடு என்று அந்த ஒழுங்கிலேயே எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். மாவட்டத்தை முதலில் சொல்ல வேண்டும். கூகுள் வரைபடத்தில் வீட்டுக்கு ஒரு குறி வைத்து அந்த எண்களையும் அதில் எழுதுங்கள். பதறும் நேரத்தில் பிள்ளையும் வாசிக்கக்கூடிய மாதிரி இருக்கட்டும். அன்று என் குரல் நடுங்கிக்கொண்டே இருந்தது, கடைசியில் மகன்தான் போனை வாங்கித் தன் பாடசாலையின் பெயரைத் தெளிவாகச் சொன்னான். அவனுக்கு இருந்த நிதானம் எனக்கு இருக்கவில்லை.

அம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது என்றார்கள். ஆனால் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகிறது என்று சொன்னேன். "நீங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவர ஏலுமோ அக்கா?" என்று கேட்டார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. அழைத்தால் வீட்டு வாசலுக்கு வரும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆறுதலாக யோசித்தால் அவர்கள் சொன்னது சரி. அந்த வண்டி சின்னது, தாழ்வானது. தண்ணீருக்குள் இறங்கி நின்றுவிட்டால் எனக்கும் இல்லை, அடுத்து அழைக்கப்போகிற ஒருவருக்கும் இல்லை. வீட்டிலிருந்து தார் வீதி வரைக்குமான துண்டுக்கு அரசாங்கத்தின் அம்புலன்ஸ் கிடையாது. அந்தத் துண்டுக்கு அம்புலன்ஸ் நாங்கள்தான். அது எந்த வாகனம், யார் ஓட்டுவது, எண்ணெய் இருக்கிறதா, தண்ணீர் எந்த அளவுக்கு வந்தால் அதுவும் ஏலாது என்பதெல்லாம் வெயில் காலத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும். எங்களுக்கு விடியப்புறம் கொட்டும் மழையில் முடிவாக வேண்டியிருந்தது. முதலில் கேட்ட உழவு மெசின்காரர் தண்ணீரை நினைத்து 15,000 ரூபா என்றார். பேரம் பேச நேரமில்லாமல் சரி என்றேன், பிறகு டீசல் இல்லை என்று போனை வைத்துவிட்டார். இரண்டாவது வீட்டு அண்ணை காசைப் பற்றிக் கதைக்காமலே மெசினில் இழுவைப் பெட்டியைக் கொழுவிக்கொண்டு வந்தார். பிறகு நானாக 7,000 கொடுத்தேன்.

அம்மாவை மல்லாக்கக் கிடத்தாமல் இடது பக்கமாகச் சரித்துப் படுக்கவைக்கச் சொல்லி 1990 இலக்கத்தில் பேசியவர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். வாய்க்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது, எச்சில் வடிய விட வேண்டும், மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அம்மா பெட்டிக்குள்ளேயே எச்சில் புரைக்கேறிப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் வைக்கோலைப் பரவி, மேலே தறப்பாள், அதற்குக் கீழே அம்மாவின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாலத்தில் தண்ணீர் மெசினின் பெரிய சில்லில் பாதி வரைக்கும் இருந்தது. ஒருவர் முன்னால் தடி ஊன்றிப் பாலத்தின் விளிம்பைக் காட்டிக்கொண்டு நடந்தார். தண்ணீர் இழுக்கும் வேகத்தில் இது உயிரோடு விளையாடும் விளையாட்டு. அதற்காகவே, கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்பவர்கள், இதய வருத்தக்காரர்கள் உள்ள வீடுகளில் வெள்ள எச்சரிக்கை வந்த உடனேயே அவர்களை வீதிப் பக்கத்து உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று கும்பிட்டுச் சொல்வேன். மகப்பேற்றுத் திகதி நெருங்கியவர்களின் விபரம் குடும்பநல உத்தியோகத்தரிடம் இருக்கும். அவருடன் கதைத்தால் முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் அனுமதிக்க வழி பார்ப்பார்.

மெசினில் எங்களோடு வந்த ஐயா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009இல் கடற்கரைப் பக்கம் செல்லடிக்குள் எத்தனையோ பேருக்குக் கட்டுப்போட்டு இரத்தத்தை நிறுத்தியவர். அந்தக் கைகளை நான் மதிக்கிறேன். வழியில் யாரோ "பாம்பாயும் இருக்கும்" என்று சொன்னதும் தன் சாரத்தைக் கிழித்து அம்மாவின் காலை இறுக்கிக் கட்ட வெளிக்கிட்டார். எந்தக் கால் என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை, அதனால் மட்டும் அன்று கட்டுப்போடவில்லை. டொக்டர் பிறகு சொன்னார்: கையோ காலோ சிதறி இரத்தம் பாயும்போது இறுக்கிக் கட்டியது உயிரைக் காத்தது, பாம்புக்கடிக்கு அதே கட்டு கேடு. இரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப்போகலாம், கட்டை அவிழ்க்கும்போது நஞ்சு ஒரேயடியாக உடம்பில் ஏறலாம். வெட்டுவது, உறிஞ்சுவது, மஞ்சள் பூசுவது ஒன்றும் வேண்டாம். மோதிரம், காப்பு, கொலுசு இருந்தால் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் கொண்டுபோக வேண்டும். எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த முதலுதவி எல்லாம் செல்லுக்கும் குண்டுக்கும் படித்தது. அதை அப்படியே பாம்புக்கும் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பாவிக்கிறோம். செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவிப் பயிற்சி நடத்துகிறது, ஊர்ச் சங்கங்கள் கேட்டால் வருவார்கள். கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நீல விளக்கு தெரிந்தபோது நான் அழுதுவிட்டேன். வண்டியில் இருந்த அவசர மருத்துவ உதவியாளர் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இரவு நிலத்திலயோ படுத்தவ?" என்பதுதான். விரலில் ஒரு கருவியை மாட்டி ஒட்சிசன் அளவு பார்த்தார், வாயில் தேங்கியதை உறிஞ்சி எடுத்தார், மூச்சு மெதுவாகத் தொடங்கியதும் முகமூடியோடு கூடிய பையை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டே வந்தார். அந்தப் பையை நம்பித்தான் அந்தப் பயணம் முழுவதும் அம்மா உயிரோடு இருந்தார். வேகமாக ஓடும் ஒரு தனியார் வான் பிடித்துப் போயிருந்தால் வேகம் இருந்திருக்கும், மூச்சு இருந்திருக்காது. இதை நான் பலரிடம் சொல்கிறேன்: மூச்சுக்கும் மயக்கத்துக்கும் உரிய கேஸ் என்றால், வான் ஐந்து நிமிடம் முந்தி வந்தாலும் அம்புலன்ஸை விடாதீர்கள். வான் வைத்துத்தான் போக வேண்டிய நிலை என்றால், 1990உடன் கதைத்து இரண்டு பேரும் வழியில் சந்திக்க ஒரு இடத்தைப் பேசிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் யாரும் எங்களிடம் பாம்பைக் கேட்கவில்லை. அன்று வரைக்கும் பாம்பை அடித்துச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு போனால்தான் மருந்து ஏற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த விரியனை இன்றுவரை ஒருவரும் காணவில்லை. கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்தார்கள். உறைந்துவிட்டது. உறையாமல் இருந்தால் புடையன் பக்கம் யோசிப்பார்களாம். இரத்தம் உறைகிறது, இமை தொங்குகிறது, வயிற்றுவலி, நிலத்தில் படுத்த ஆள் என்றதும் விரியன் என்று முடிவெடுத்தார்கள். இங்கே பாவிக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. நாகம், புடையன், விரியன், சுருட்டை நான்குக்கும் அது ஒன்றுதான். அந்த மருந்துக்கே உடம்பில் கடும் ஒவ்வாமை வரலாம், அதைச் சமாளிக்க ஆயத்தம் உள்ள இடத்தில்தான் ஏற்ற வேண்டும். அம்மாவுக்கும் உடம்பு தடித்து நடுக்கம் வந்தது, அவர்கள் ஆயத்தமாக நின்றார்கள். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தற்செயலாகக் கண்டால் தூரத்தில் நின்று ஒரு படம் எடுங்கள், போதும்.

விஷமுறிவு மருந்து ஏற்றினால் உடனே எழும்புவார் என்று நம்பியிருந்தேன். விரியன் நஞ்சு நரம்பின் நுனியையே பழுதாக்கிவிடுகிறது, அது திரும்ப வளர நாட்கள் எடுக்கும், அதுவரைக்கும் இயந்திரம் மூச்சுவிட வேண்டும் என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். இந்த மாற்றத்துக்கு 1990 வராது, ஆஸ்பத்திரியின் சொந்த வண்டியில்தான் போனோம். ஆகவே வருத்தம் வருமுன்னரே உங்கள் ஊருக்குக் கிட்டிய ஆஸ்பத்திரிகளில் எதில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். எங்கே போய் நிற்கப்போகிறோம் என்று தெரிந்தால் உடுப்பையும் காசையும் அதற்கேற்ற மாதிரிக் கொண்டுபோகலாம்.

அங்கே நடந்த ஒன்று என் மனதை இன்னும் அறுக்கிறது. அம்மா அசையவில்லை, கண் திறக்கவில்லை, கையைக் கிள்ளினாலும் ஒன்றும் இல்லை. பார்க்க வந்த உறவுக்காரப் பெண் ஒருவர் கட்டிலடியில் நின்று, "இனி என்ன, மெசினைக் கழட்டினா முடிஞ்சுது, மகளுக்கும் வீண் அலைச்சல்" என்று சொல்லிவிட்டுப் போனார். தாதி அவரை வெளியே கூப்பிட்டு ஏசினார். விரியன் கடித்தவர் முழுக்க வாதம் வந்ததுபோல் கிடந்தாலும் மூளை விழித்திருக்கலாம், காது கேட்கும், பிள்ளை கதைக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். நான் கோழி, மழை, மகனின் சோதனைப் புள்ளி என்று வாயில் வந்ததெல்லாம் கதைத்தேன். பிறகு குழாய் எடுத்து, குரல் திரும்பி, அம்மா முதன்முதலில் தெளிவாகச் சொன்ன வசனங்களில் ஒன்று, "அவள் மெசினைக் கழட்டச் சொன்னவள்" என்பதுதான். பெயரோடு சொன்னார். இன்றைக்கும் அந்தப் பெண் வந்தால் அம்மா தேத்தண்ணி கொடுப்பார், கதைக்கமாட்டார்.

காசுக் கணக்கையும் சொல்கிறேன், ஏனென்றால் அரச ஆஸ்பத்திரி இலவசம்தானே என்று எல்லோரும் கேட்டார்கள். படுக்கை, இயந்திரம், விஷமுறிவு மருந்து எல்லாம் இலவசம்தான், அதற்கு நாடு முழுக்க நன்றி சொல்லலாம். செலவு கூட நிற்கிற ஆளுக்கு. உழவு மெசினுக்கு 7,000. கைவசம் இல்லாத சில மருந்தும் வெளியே செய்வித்த இரத்தப் பரிசோதனைகளும் 20,000க்கு மேல். குழாயால் கொடுக்கும் பால்மா, பெரியவர்களுக்கான பம்பர்ஸ் 18,000 அளவில். சாப்பாடு, ஓட்டோ, இரவில் தங்குவதற்குக் கொடுத்தது, வீட்டுக்குத் திரும்ப வான் என்று எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாவைத் தாண்டிவிட்டது. சங்கிலி அடகுக்குப் போனது, இன்னும் மீட்கவில்லை. அதைவிடப் பெரிய அடி வயலில். காலபோக வெள்ளத்தில் பயிர் மூடிக் கிடந்தபோது கமநல சேவை நிலையத்தில் அழிவைப் பதிய வேண்டியிருந்தது. நான் அந்த நாட்களில் ஆஸ்பத்திரி விறாந்தையில். வயல் காணியின் விபரத்தையும் கமநல அட்டையின் பிரதியையும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைத்திருந்தால் என் சார்பில் போய்க் கேட்டிருப்பார். இழப்பீடு என்று ஒரு சதமும் எனக்கு வரவில்லை.

போன் பற்றி ஒரு வார்த்தை. கரண்ட் இல்லை, கோபுரத்தில் மின் போனதும் ஒரு நிறுவனத்தின் சிக்னல் முற்றாக நின்றது, மற்றது இருந்தது. இரண்டு நிறுவனத்தின் சிம் வீட்டில் இருக்கட்டும். பவர் பாங்க் ஒன்று மழைக்கு முதல் நிரப்பி வையுங்கள். அம்மா அம்புலன்ஸில் ஏறிய பத்து நிமிடத்துக்குள் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் மூன்றும் விழித்துக்கொண்டன. ஒவ்வொருவரும் பாசத்தில்தான் எடுத்தார்கள், ஆளுக்கொரு மருந்தும் சொன்னார்கள், என் பட்டரி 9 வீதத்துக்கு இறங்கியது. இப்போது எங்கள் குடும்பத்தில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம்: நான் கணவருக்கு மட்டும் சொல்வேன், அவர் மற்றவர்களுக்குச் சொல்வார், என் இலக்கத்துக்கு ஒருவரும் எடுக்கக் கூடாது. ஒரு மாமா கோபித்துக்கொண்டார். பரவாயில்லை.

பொலித்தீன் பையில் சுற்றி வைக்க வேண்டியவை: அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, இப்போது எடுக்கும் மாத்திரைகளின் அட்டைகள், ஒவ்வாத மருந்து இருந்தால் அதன் பெயர், இரண்டு கிழமைக்கு மாத்திரை, ஒரு சாரம் அல்லது சோட்டி, 5,000 ரூபாவாவது சில்லறையாக. அம்மாவின் கிளினிக் கொப்பி வீட்டிலேயே நின்றுவிட்டது. நீரிழிவுக்கு என்ன மாத்திரை, எவ்வளவு என்று டொக்டர் கேட்டபோது "வெள்ளைக் குளிசை, காலையும் பின்னேரமும்" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. ஊரில் பாதி மாத்திரை வெள்ளைதான். மகன் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினான். அந்தப் படங்களை இப்போதும் போனில் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு கிளினிக்குக்கும் பிறகு புதிதாக எடுக்கிறேன்.

வெள்ளம் வடிந்த பின்னும் வேலை இருக்கிறது. அந்த மழைக்குப் பிறகு டிசம்பரில் யாழ்ப்பாணப் பக்கம் எலிக்காய்ச்சலில் உயிர்கள் போனதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். வயலில் இறங்குபவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் முன்கூட்டியே தடுப்பு மாத்திரை தருவார்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள், காய்ச்சலோடு கெண்டைக்கால் உளைந்தால் பனடோலோடு இருந்துவிடாதீர்கள். வெள்ளத்தில் மாட்டுப்பட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. படகு, மீட்பு என்றால் அதற்கு எடுங்கள், வருத்தக்காரர் என்றால் 1990. இரண்டும் சேர்ந்து நடந்தால் இரண்டுக்கும் எடுத்து, மற்றதற்கும் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

அம்மா இப்போது கட்டிலில்தான் படுக்கிறார். கூரை ஓட்டை மாற்றியாயிற்று. கட்டில் இல்லாத வீடுகளில் நிலத்தில் படுத்தாலும் நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே நாலு பக்கமும் மடித்துச் செருகினால் விரியனுக்கு உள்ளே வர வழியில்லை. நுளம்பு வலைக்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. மாதர் சங்கக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன், கிராம சேவையாளரும் வந்திருந்தார். ஊரில் எந்த வீட்டில் நடக்க ஏலாதவர், கர்ப்பிணி, இன்சுலின் எடுப்பவர் என்று ஒரு பட்டியல் எடுத்தோம். மூன்று மெசின்காரர்களின் பெயர், யாருக்குப் பிறகு யாரை எழுப்புவது என்றும் எழுதினோம். டீசலுக்கு வீட்டுக்கு 500 ரூபா சேர்க்கிறோம். 20 லீற்றர் கான் ஒன்று நிரப்பிச் சங்கக் கட்டடத்தில் பூட்டி வைத்திருக்கிறோம், திறப்பு ஒன்று தலைவியிடம், மற்றது பாலத்தடிக் கடைக்காரரிடம். சில வீடுகள் காசு இன்னும் தரவில்லை. அடுத்த கூட்டம் ஐப்பசி முதல் கிழமையில், அதற்குள் வாங்கிவிட வேண்டும்.